தோல் வாணிகத்திற் கைப்பேசி

பாலாற்றுப் படுகையிலுள்ள இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலாற் பெயர்பெற்றவை என்பதை நம் மாணவர் யாவரும் அறிவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்ட இவ்வூர்கள், பின்னர்க் குரோம உப்புக்கும் மின்விசையாற் சுழலும் பீப்பாய்களுக்கும் மாறின. ஆயினும் வாணிகம் மட்டும் நெடுங்காலம் கையையும் வாய்ச்சொல்லையுமே நம்பி நடந்தது. தோலின் பரப்பைச் சதுர அடிக்கணக்கில் அளக்க இயந்திரம் உண்டு. தரத்தை அளப்பது விரலே. இத்தகைய தொழிலிற் கணினியும் கைப்பேசியும் புகுந்தது எங்ஙனம்? விருப்பத்தாற் புகுந்தவை சில. இக்கட்டாற் புகுந்தவையே பல.

முதல் இக்கட்டு 2016-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இரவு வந்தது. 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லா என அரசாங்கம் அறிவித்தது. அந்நாளிற் புழங்கிய பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 86 பங்கு அவ்விருவகைத் தாள்களே. அறிவிப்பு வந்தது செவ்வாய்க்கிழமை. வாரக்கூலி கொடுக்கும் சிறு பதனிடுசாலைகளுக்குக் கூலிநாள் சனிக்கிழமை. சில நாளில், வாணிகர் தம் நடப்புக் கணக்கிலிருந்து வாரத்திற்கு 50,000 ரூபாய் எடுக்கலாம் என்று வரம்பு வகுக்கப்பட்டது. நாற்பதுபேர் உழைக்கும் சாலையில் ஆளுக்கு 2,000 ரூபாய் என்று கொண்டால் 80,000 வேண்டும். எஞ்சிய முப்பதினாயிரத்திற்கு எங்கே போவது? கணக்கு இவ்வளவே, கைப்பேசியின் வெற்றிக்குக் காரணமும் பெரும்பாலும் இதுவே. அவ்வாண்டு ஏப்ரலில் தோன்றிய யூ.பி.ஐ. முறை, அதுகாறும் நகரத்தார் சிலருக்கே தெரிந்திருந்தது, மெல்லமெல்லத் தேநீர்க்கடை வரை பரவிற்று. டிசம்பர் 28-இற் பிறந்த அவசரச் சட்டமோ, தொழிலாளியின் எழுத்துமூல இசைவு இன்றியே கூலியை வங்கிக்கணக்கிற் செலுத்த முதலாளிக்கு இடந்தந்தது. மறு ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்தபின் வரிக்கணக்கும் கணினியில் ஏறிற்று.

நிற்க. 2020 மார்ச்சு 25-இல் ஊரடங்கோடு வந்த இரண்டாம் இக்கட்டு வேறு வகையினது. முன்னது பணத்தாளை மறைத்தது. இது மனிதனை மறைத்தது. அயல்நாட்டு வாணிகர் நேரில் வந்து தோலைத் தடவிப் பார்த்தல் நின்றுபோயிற்று. அவ்விடத்தை நிழற்படமும் காணொளியும் நிரப்ப முயன்றன. கருவி தடுமாறியது இங்கேதான். ஒரே பழுப்புநிறம் ஒரு திரையிற் செம்மையாகவும் மற்றொன்றிற் கருமையாகவும் தோன்றும். மென்மையோ எத்திரையிலும் தோன்றாது. பேரணாம்பட்டில் நாற்பதாண்டு தோலைத் தரம்பிரித்த என் பெரியப்பா, "படத்துல பளபளன்னுதான் இருக்கும், கையில எடுத்தாத்தான் தோலு பேசும்" என்பார். உள்ளங்கையளவு மாதிரித் துண்டை அஞ்சலில் அனுப்பும் பழைய வழக்கம் ஆகையால் ஒழியவில்லை. பணம் எண்ணாதலின் கம்பியின்றியும் பறந்து செல்லும். தோல் பொருளாதலின் செல்லாது.

இதனினும் என் உள்ளத்தை உறுத்துவது ஒன்றுண்டு. ஆம்பூர்ப் பக்கத்திற் காலணியின் மேற்பாகத்தைக் கையால் தைப்பவருட் பலர் வீட்டிலிருக்கும் பெண்கள். வெட்டிய துண்டுகள் பையில் வந்து சேரும். சோடிக்குச் சில ரூபாயே கூலி. இடையே தரகர் ஒருவர். வெளிநாட்டார் கட்டளை மின்னஞ்சலில் வருகிறது. காலணியின் வடிவம் கணினியில் வரையப்படுகிறது. தரகர் வாசலோடு அக்கணக்கு நின்றுவிடுகிறது. 2020-இல், நூறுபேருக்கு மேற்படாத, அவருள் நூற்றுக்குத் தொண்ணூறுபேர் 15,000 ரூபாய்க்குக் குறைந்த ஊதியம் பெறும் நிறுவனங்களில், அவ்வூழியருக்குரிய சேமநிதிப் பங்கு 24 விழுக்காட்டையும் மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை நடுவண் அரசே செலுத்திற்று. நல்ல உதவிதான். ஆனால் அது சேமநிதிப் பதிவில் ஏறிய பெயர்களுக்கே சென்றது. வீட்டிலிருந்து தைப்பவர் பெயர் அப்பதிவில் ஏறுவதில்லை.

எங்கள் தெருவில் இத்தொழில் செய்யும் அக்காள் ஒருவர் இருக்கிறார். காய்கறிக்குக் கைப்பேசியிற் பணஞ் செலுத்துகிறார். தாம் தைத்த சோடிகளின் கணக்கை மட்டும் நாட்காட்டித் தாளின் பின்புறத்திற் பென்சிலாற் கோடுகிழித்து வைக்கிறார். இரண்டு கணக்கும் மாறுபட்டால் தரகரின் நோட்டே செல்லுமாம்.