ஆற்றங்கரை ஊர்கள் – 12: திண்டுக்கல்லுக்கும் ஓர் ஆறு உண்டு

சென்ற வாரம் ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகரில், மோசல் ஆறு ரைனில் கலக்கும் முனையில் நின்றோம். எதிர்க்கரைப் பாறைமேல் ஏரன்பிரைட்ஸ்டைன் கோட்டை. அங்கே போகிறவர்கள் கோட்டையையும் ஆற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள். பாறைக்கோட்டையும் ஆறும் அமைந்த ஊர் நமக்கும் இருக்கிறது. ஆனால் திண்டுக்கல்லுக்கு வருகிறவர்கள் மலைக்கோட்டை ஏறுவார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், பூட்டு வாங்குவார்கள். குடகனாற்றைப் பார்க்கப் போவதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கோட்டையிலிருந்தே தொடங்குவோம். மதுரை நாயக்கர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பத் தொடங்கிய கோட்டை இது. இங்கே ஏன் கட்டினார்கள் என்பது மேலே ஏறி நின்றால் விளங்கிவிடும். ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனி மலைத்தொடர். கொங்கு நாட்டிலிருந்து மதுரைக்குப் படை நடத்த வேண்டுமானால் இந்த இடைவெளியில்தான் வந்தாக வேண்டும். 1755இல் மைசூர் அரசு ஹைதர் அலியை இங்கே ஃபவுஜ்தாராக அனுப்பியது. பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு அவர் ஆயுதச் சாலை அமைத்தது இந்த ஊரில்தான். பின்னாளில் மைசூருக்கே அதிபதியானவர் படைபலம் சேர்த்த இடம் இது. நாடிழந்த வேலு நாச்சியார் விருப்பாச்சியில் தங்கியிருந்து ஹைதரின் உதவியைப் பெற்றதும், அவருக்கு அடைக்கலம் தந்த கோபால் நாயக்கரைக் கும்பெனியார் 1801இல் தூக்கிலிட்டதும் இதே வட்டாரத்துக் கதைகள். உச்சியில் மூர்த்தங்கள் இல்லாத கோயில் ஒன்று நிற்கிறது. அங்கிருந்த அபிராமி இப்போது ஊருக்குள் குடியிருக்கிறாள்.

இத்தனையும் கோட்டைக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். மேற்கே திரும்பிப் பாருங்கள். பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் பிறக்கும் ஓடைகள் ஆத்தூர் காமராசர் அணையில் சேர்கின்றன. அந்தத் தண்ணீர் திண்டுக்கல்லின் குடங்களுக்கு வருகிறது. மிஞ்சியது குடகனாறாக வடக்கே ஓடுகிறது. தெற்கே கொஞ்ச தூரத்தில் வைகை இருக்க, இந்த ஆறு மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. திண்டுக்கல் மழை ஒரு பக்கம் ராமநாதபுரத்துக்கும் இன்னொரு பக்கம் தஞ்சாவூருக்கும் பங்கு போட்டுக்கொள்கிறது.

மிஞ்சியது எவ்வளவு என்பதில்தான் சண்டை. ராஜவாய்க்காலில் திருப்பிக் கண்மாய்களை நிரப்ப வேண்டும் என்பது ஆத்தூர் பக்கத்து விவசாயிகளின் கோரிக்கை. ஆற்றில் விட்டால்தானே எங்கள் கிணறு ஊறும் என்கிறார்கள் வேடசந்தூர் பக்கத்தார். இரு தரப்பும் நியாயத்தைத்தான் பேசுகின்றன. நடுவில் திண்டுக்கல் நகரம் இந்த ஆற்றுக்குச் செய்தது நன்மையல்ல. தோல்ஷாப் கழிவு இறங்கி எத்தனையோ கிணறுகளின் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போயிற்று. அந்தத் தொழில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சோறு போட்டது உண்மை. கிணறு இழந்தவனுக்கு அது ஆறுதலாகாது.

இந்த ஆற்றை இன்றும் ஆறாக மதிக்கிற ஊர் தாடிக்கொம்பு. திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையில் கொஞ்ச தூரம்தான். சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் தாயார் சன்னதிக்கு முன்னுள்ள மண்டபத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். ஆள் உயரத்தைத் தாண்டிய சிலைகள், ஒவ்வொன்றும் தூணோடு ஒரே கல்லில் செய்தவை. இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மர், காலை வான்நோக்கித் தூக்கிய உலகளந்த பெருமாள், ராமனைத் தோளில் சுமக்கும் அனுமன், மன்மதன், ரதி. நரசிம்மரின் விரல்கள் வயிற்றில் பதியும் இடத்தில் தசை உள்வாங்குவதைச் சிற்பி விட்டுவைக்கவில்லை. மதுரைப் புதுமண்டபத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசாதது பெரிய குறை. அழகர்கோயிலைப் போலவே இங்கும் மண்டூக முனிவர் கதைதான். சித்ரா பௌர்ணமிக்கு மதுரையில் வைகை, இங்கே குடகனாறு. மணலில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழகர் ஆற்றில் இறங்குகிறார், சனமும் கூடவே இறங்குகிறது.

வேடசந்தூர் தாண்டி அழகாபுரியில் குடகனாறு அணை. இதைப் பார்க்காமல் இந்தப் பயணம் முடியாது. 1977 நவம்பரில் புயல் மழை கொட்டியபோது இந்த மண் அணை உடைந்தது. வெள்ளம் ஏற ஏறப் பணியாளர்கள் ஷட்டர்களைத் தூக்கத் தொடங்கினார்கள். பாதி தூக்குவதற்குள் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரை ஓட்டினார்கள், அதுவும் கைகொடுக்கவில்லை. கடைசியில் கையாலேயே சுற்றித் தூக்கப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் கரைக்கு மேலே ஏறிப் பின்சரிவில் அருவியாகக் கொட்டி மண்ணை அரித்தது. ஓரிடத்தில் அல்ல, கரை நெடுகப் பல இடங்களில் உடைப்பு. சில உடைப்புகள் 200 மீட்டர் நீளம். கீழேயிருந்த ஊர்கள் அடித்துச் செல்லப்பட்டன. இந்திய அணை விபத்துகளைப் பற்றிப் படிக்கும் பொறியாளர்களுக்கு இது பாடம். பிறகு அணையைத் திரும்பக் கட்டினார்கள்.

ஜெர்மனியின் ஆற்றங்கரை ஊர்களில் பழைய வீட்டுச் சுவர்களில் கோடு கோடாகச் செதுக்கியிருப்பார்கள். எந்த வருஷத்து வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்ற கணக்கு அது. குழந்தைகள் அதில் முதுகைச் சாய்த்துத் தங்கள் உயரத்தை அளந்து விளையாடுவதுண்டு. அப்படி ஒரு கல்லை அழகாபுரிக்குக் கீழே ஒவ்வோர் ஊரிலும் நட வேண்டும் என்பது என் ஆசை. கோட்டையில் ஹைதருக்கும் நாயக்கருக்கும் இருக்கிற இடம், தண்ணீரில் போனவர்களுக்கும் வேண்டும். 1977இல் பத்து வயதுப் பையனாக இருந்தவருக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. 'தண்ணி இது வரைக்கும் வந்துச்சு' என்று சுவரில் கைவைத்துக் காட்டக் கூடியவர்கள் அவர்கள்தான். ஊராட்சிகள் அவர்களை அழைத்து அளவெடுக்க இந்த வருஷமே தொடங்கலாம். அதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

அணையைத் தாண்டிய குடகனாறு கரூர் மாவட்டத்துக்குள் நுழைந்து அமராவதியில் சேர்கிறது. அடுத்த வாரம் அந்த அமராவதிக் கரையில், கரூரில் சந்திப்போம்.