ஒரு கிளாஸ்... ரெண்டு பேர்!

காரைக்குடி பக்கத்து ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நகரத்தார் வீட்டுப் பெண் உண்டாகியிருந்தால் 'மருந்து குடிக்க', 'தீர்த்தம் குடிக்க' என்று தனிச் சடங்கே உண்டு. பிள்ளைத்தாய்ச்சி என்ன குடிக்கிறாள் என்பதையே ஒரு விசேஷமாக்கி வெச்சிருக்கு செட்டிநாடு. அவள் குடிப்பது வயிற்றுக்குள் இருக்கிற உயிருக்கும் போகும் என்பது ஆச்சிகளுக்கு யாரும் பாடம் நடத்தாமலே தெரிந்த விஷயம்.

சரி, குடிப்பது மதுவாக இருந்தால்?

"நம்ம ஊர்ல எந்தப் பொண்ணு சார் குடிக்குது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டிய ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 25 பேர் குடிக்கிறார்கள். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால், இன்னைக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கிற நீங்கள் நாளைக்கு பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்கலாம். ஆபீஸ் பார்ட்டியில் யாராவது, "ஒயின்தானே, ஒண்ணும் ஆகாது" என்று கிளாஸை நீட்டலாம். அப்போ கையில் சரியான தகவல் வேணும் இல்லையா?

உள்ளே என்ன நடக்குது?

நஞ்சுக்கொடி ஆல்கஹாலை வடிகட்டாது. அம்மாவின் ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ, கிட்டத்தட்ட அதே அளவு குழந்தையின் ரத்தத்திலும் ஏறும். அம்மாவுக்கு அதை உடைத்து வெளியேற்ற வளர்ந்த கல்லீரல் இருக்கு. குழந்தையின் கல்லீரல் அந்த வேலைக்கு இன்னும் தயாராகவில்லை.

இதனால் வரும் பாதிப்பை 1968-லேயே பிரான்ஸில் டாக்டர் பால் லெமோன் எழுதினார். 1973-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரு டாக்டர்கள் 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். சிறுத்த கண்கள், மெல்லிய மேலுதடு என்று முகத்திலேயே தெரியும் குழந்தைகள் உண்டு. பல குழந்தைகளுக்கு முகத்தில் எதுவுமே தெரியாது. ஞாபகம், கவனம், படிப்பு, கோபத்தை அடக்குவது என்று மூளை சம்பந்தப்பட்ட விஷயங்களில்தான் தடுமாறுவார்கள். கிளாஸில் 'மக்கு' என்று திட்டு வாங்குவார்கள். பாதிப்பு ஆயுசுக்கும் தொடரும்.

பீர் கணக்கு

"பீர் லைட்டுதான் மச்சி!" அப்படியா? 5 சதவீத பீர், 650 மில்லி பாட்டிலில் சுமார் 32 மில்லி சுத்த ஆல்கஹால். 30 மில்லி பிராந்தியில் இருப்பது சுமார் 13 மில்லி. பாட்டில் பெரிசு, பேர்தான் லைட்டு! கர்ப்ப காலத்தில் இவ்வளவு குடித்தால் பாதுகாப்பு என்று ஓர் அளவே கிடையாது. உடம்பு வலிக்கு, குளிருக்கு என்று தரப்படும் 'ஒரு மூடி பிராந்தி'க்கும் இதே பதில்தான்.

அமெரிக்காவில் 1989 முதல் பாட்டிலிலேயே கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை உண்டு. இந்தியாவில் 2019-ல் கட்டாயமான வாசகம் 'உடல்நலத்துக்குத் தீங்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்' என்பதோடு நிற்கிறது. அதில் கர்ப்பிணிக்கு இடமில்லை.

தெரியாம குடிச்சாச்சு, இப்போ?

* நாள் தள்ளிப்போனதே தெரியாமல் குடித்திருந்தால் பயந்து ஒளிய வேண்டாம். அப்படிப் பிறக்கும் எல்லாக் குழந்தைகளும் பாதிக்கப்படுவதில்லை. குழந்தையின் மூளை பிரசவம் வரை வளர்கிறது. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் லாபம்தான்.

* டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

* தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர் வீட்டிலேயே திடீரென நிறுத்தக் கூடாது. நடுக்கம், வலிப்பு வரலாம். டாக்டர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

* குழந்தை பிறந்தபின் வளர்ச்சியில் சந்தேகமா? மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டுங்கள். குணமாக்க மருந்து இல்லை. ஆனால் சீக்கிரம் தொடங்கும் பயிற்சியும், அடி உதை இல்லாத வீடும் பெரிய வித்தியாசம் தரும்.

* மருத்துவ ஆலோசனைக்கு 104. குடியை விட 14446. வீட்டில் அடி உதை என்றால் 181.

பசங்களே, உங்களுக்கு!

மேலே சொன்ன அந்த 25 பேரை மறுபடி பாருங்கள். இவர்கள் குடிக்கும் கிளாஸ் நேராக கருவுக்குப் போகாது. ஆனால் ஸ்கேனுக்கு வைத்த காசு போகும், பிள்ளைத்தாய்ச்சியின் தூக்கம் போகும். பல வீடுகளில் அவள் மேல் கையும் விழும். தான் குடித்துக்கொண்டே மனைவியைப் பார்த்து "நீ தொடாதே" என்று சொன்னால் எடுபடுமா? அந்தப் பத்து மாசம் பாட்டிலை வீட்டுக்குள் விடாமல் இருப்பதுதான் அப்பாவாகப் போகிறவர் செய்யும் முதல் வேலை.

அதே மாதிரி, குடிக்கும் கர்ப்பிணி ஒருத்தி உங்களுக்குத் தெரிந்தவரா? திட்டாதீர்கள், ஊரெல்லாம் சொல்லாதீர்கள். வெட்கத்தில் அவள் ஒளிந்துகொண்டால் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியும் அடைபடும். கூடவே போய் டாக்டரைப் பாருங்கள்.

வருஷா வருஷம் செப்டம்பர் 9-ம் தேதியை, அதாவது ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளை, 1999 முதல் உலகம் இதற்காக நினைவு வைத்திருக்கிறது. ஏன் ஒன்பது? அந்த ஒன்பது மாசத்தை மதுவே இல்லாத மாசங்களாக்கச் சொல்லத்தான்!