மஞ்சள் விளக்கு அணையாத வான்

எமது பகுதிகளில் இன்று ஓடும் வான்களும் சிறிய லொறிகளும் பெரும்பாலும் கைமாறி வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழையவற்றின் விலையே ஏறியது. நான்கைந்து குடும்பங்கள் பணம் சேர்த்து வாங்கிய வானில் கத்தரிக்காயும் மிளகாயும் ஏற்றியாகிவிட்டது. விடியுமுன் சந்தைக்குப் போகவேண்டும். சாரதியின் முன்னால் 'ஏபிஎஸ்' என்ற மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது. என்ன செய்வது?

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் வழமையான பிறேக் வேலை செய்யும். மெதுவாகப் போய்த் திரும்பலாம். அதனுடன் சிவப்பு பிறேக் விளக்கும் எரிந்தால் வாகனத்தை எடுக்கவேண்டாம். பிறேக் எண்ணெய் ஒழுகியிருக்கலாம்.

ஏபிஎஸ் என்பது பிறேக்கை ஓங்கி மிதிக்கும்போது சில்லுகள் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏற்பாடு. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் உருவாக்கிய இன்றைய வகை, 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் வந்தது. ஈரத்தார் வீதியில் மாடு குறுக்கே பாய்ந்தால், பிறேக்கை மிதித்தபடியே வாகனத்தை வெட்டித் திருப்ப இது உதவும். இது இல்லாவிட்டால் சில்லு இறுகி, சுமையேற்றிய வான் நேரே வழுக்கிக்கொண்டு போகும். கிரவல் பாதையில் கதை வேறு. அங்கே ஏபிஎஸ் உள்ள வாகனமும் நிற்பதற்குக் கூடிய தூரம் எடுக்கலாம். ஆகவே அதை நம்பி வேகமாக ஓடக்கூடாது.

எந்தச் சில்லு எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்று சொல்வது அச்சில்லின் அருகே உள்ள வேக உணரி. கராஜ்களில் இதைச் சென்சர் என்பர். சைக்கிள் டைனமோவை அறியாதவர் எம்மிடையே இல்லை. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்றபோது டைனமோவைச் சுற்றியே பலர் வானொலிச் செய்தி கேட்டனர். பழைய வகை உணரியும் அதன் உறவுதான். காந்தத்தைச் சுற்றிக் கம்பிச் சுருள். எதிரே சில்லுடன் சுழலும் பல் வளையம். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சிறு மின்துடிப்பு எழும். சில்லு ஊர்ந்தால், டைனமோ விளக்கு மங்குவதுபோல், இதன் மின்துடிப்பும் மங்கும். புதிய வகைக்கோ வாகனத்திலிருந்து மின்சாரம் கொடுக்கவேண்டும்.

உணரியே பழுதாகியிருக்கவேண்டும் என்றில்லை. காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டும். கல் தெறித்தோ எலி கடித்தோ வயர் அறும். பல் வளையம் துருப்பிடித்து வெடிக்கும். சில்லுப் பெயறிங் தளர்ந்து ஆடும். இவற்றைப் பாராமல் "முழு ஏபிஎஸ் பெட்டியையும் மாற்றவேண்டும்" என்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். முதலில் குறியீட்டு வாசிப்புக் கருவியைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ரொயோட்டா வாகனங்களில் பெரும்பாலும் சி0200 என்றால் முன் வலது, சி0205 என்றால் முன் இடது. சாரதி ஆசனத்தில் இருந்து பார்க்கும் வலமும் இடமுமே கணக்கு.

பழைய வகையென்றால் மின்மானியால் அதன் தடையை அளக்கலாம். பெரும்பாலும் ஆயிரம் ஓமை அண்டியோ அதற்கு மேலோ காட்டும். எண்ணை மனப்பாடம் செய்வதைவிட மறுபக்கத்து நல்ல உணரியோடு ஒப்பிடுவது சிறந்தது. எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. புதிய வகையை இப்படி அளக்கக்கூடாது.

மாற்றுவதற்குச் சமதரையில் நிறுத்தி, சாவியை எடுத்து, மற்றச் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். எமது மணற்தரையில் ஜக் புதையும். அடியில் தடித்த பலகை வேண்டும். சில்லு நட்டுகளைத் தூக்குமுன்பே சற்று இளக்கவேண்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே கை வைக்காதீர்கள். உறுதியான தாங்கி கொடுங்கள். சில்லைக் கழற்றி, வயரின் வழியே போய் இணைப்பைப் பிரித்து, உணரியைப் பிடித்திருக்கும் ஒரேயொரு போல்ட்டைக் கழற்றுங்கள். பல வாகனங்களில் அதற்குப் பத்தாம் நம்பர் சாவி போதும்.

பொறுமை வேண்டிய இடம் இதுதான். துருவில் இறுகிய உணரி இழுத்தால் முறியும். முறிந்த துண்டு துளைக்குள் அகப்பட்டால் வேலை இரட்டிக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைத்து எடுக்கவேண்டும். துளையின் துருவைச் சுரண்டித் துடையுங்கள். துரு மிஞ்சினால் புதிய உணரி சரிந்து நிற்கும், பல் வளையத்துக்கு உள்ள இடைவெளியும் மாறும். புதியதைச் சுத்தியலால் தட்டவே கூடாது. வயரை முன்பிருந்த கவ்விகளிலேயே மாட்டி, ஸ்ரியறிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, எங்கும் இழுபடுகிறதா, ரயரில் உரசுகிறதா என்று பாருங்கள்.

பின்னர் குறியீட்டை அழித்து, ஆளில்லாத பாதையில் வெறும் வானாக ஓட்டிப் பார்க்கவேண்டும். விளக்கு மீண்டும் எரிந்தால் பெயறிங்கையும் வளையத்தையும் பாருங்கள்.

பழைய வான் வாங்குவோருக்கு ஒரு சொல். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு சில விநாடி எரிந்து அணையவேண்டும். எரியவே இல்லையென்றால், பழுதை மறைக்க எவரோ அந்த விளக்கைக் கழற்றியிருக்கக்கூடும். விலை பேசுமுன் அதைக் கேளுங்கள்.