மலைநாட்டுக்கு ஒரு புகையிரதப் பயணம்

விடுமுறை வந்துவிட்டால் மலைநாட்டைக் காண வேண்டும் என்னும் ஆவல் எம்மில் பலருக்கும் எழுகின்றது. வாகனம் வாடகைக்கு அமர்த்தும் செலவை எண்ணிப் பெற்றோர் தயங்குவர். அத்தகைய குடும்பங்களுக்கு ஏற்ற வழி, கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை சுமார் 290 கிலோமீற்றர் செல்லும் மலையகப் புகையிரதப் பாதையாகும்.

இப்பாதை உல்லாசப் பயணத்துக்காக அமைக்கப்பட்டதன்று. மலைத்தோட்டங்களின் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லவே 1867இல் கண்டி வரை இடப்பட்டது. கோப்பி நோயால் அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்தபின், 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வியர்வையும் இதில் கலந்துள்ளது.

பயணத்துக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கொழும்பிலிருந்து பதுளைக்கு நேரே செல்வது. இதற்குச் சுமார் பத்து மணித்தியாலங்கள் செல்லும். 'உடரட்ட மெனிக்கே' பேராதனைச் சந்தியால் நேரே மலையேறும். 'பொடி மெனிக்கே' கண்டிக்குச் சென்று திரும்பும். இரண்டாவது, கண்டியில் தங்கி அங்கிருந்து ஏறுவது. மூன்றாவது, நானுஓயாவிலிருந்து எல்ல வரை மட்டும் செல்வது. சிறு பிள்ளைகளும் முதியோரும் உள்ள குடும்பத்துக்கு இதுவே சிறந்தது. ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்தில் பாதையின் மிக அழகிய பகுதியைக் கண்டுவிடலாம்.

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையே சென்கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும். பட்டிப்பொல, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்திலுள்ளது. நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம் இதுவே. அதனை அடுத்த சுரங்கம் மலைமுகட்டை ஊடறுத்துச் செல்கின்றது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஒருபுறம் மழை கொட்ட, மறுபுறம் ஊவாவில் வெயில் அடிப்பதைக் காணலாம். புவியியல் பாடத்தில் படித்த மழை மறைவுப் பிரதேசம் கண்முன்னே விரியும். எல்லவுக்கு அப்பால் ஒன்பது வளைவுப் பாலம் உருக்கின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டது. தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி இறங்கி, தான் கடந்து வந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தால் நுழைகின்றது. செங்குத்துச் சரிவைப் புகையிரதத்தால் இறங்க முடியாது என்பதால் கண்ட உபாயம் இது.

ஆசனங்களை முன்கூட்டியே பதிவு செய்வது நன்று. விடுமுறைக் காலத்தில் அவை விரைவில் முடிந்துவிடும். முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பின் கட்டணம் குறைவு. ஆனால் நெரிசலில் நிற்க நேரிடலாம். கடும் மழையில் மண்சரிவால் சேவை தடைப்படுவதுண்டு. ஆதலால் புறப்படுமுன் நிலையத்தில் விசாரித்துக் கொள்க. குளிராடையும் உணவும் நீரும் உடன் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறவாதீர். மிதிபலகையில் தொங்கிப் படமெடுக்க முயன்றோர் பாறையிலும் சுரங்கச் சுவரிலும் மோதி உயிரிழந்துள்ளனர். சுரங்கத்துக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறிது. பிள்ளைகளை வாசலருகே விடாதிருப்பது பெற்றோரின் கடமை. சொற்கேட்டு நடப்பது மாணவியராகிய எமது கடமை. யன்னலோரம் அமர்ந்து பார்த்தாலும் மலை அதே அழகோடுதான் இருக்கும்.