எந்தப் பிரியா, எந்த வெள்ளி?

“பில்லிங் பக்கத்துல அந்தத் தப்பைச் சரிபண்ணச் சொல்லி பிரியாவுக்கு ஒரு டாஸ்க் போட்டுடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியணும்.” அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் இவ்வளவு சொன்னால் போதும். எந்தப் பிரியா, எந்த வெள்ளி என்பது அவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொள்வார். இதே பேச்சை ஓர் ஏஐ ஏஜென்ட்டுக்குத் தட்டிவிட்டால், டாஸ்க் சரியான ஆளுக்குச் சரியான நாளில் போய்ச் சேருமா? அது பெரும்பாலும் பயனரின் கண்ணிலேயே படாத ஒரு சிறு குறிப்பைப் பொறுத்தது.

ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலுக்குக் கைகால் கிடையாது. அதற்கு வருவது பெரும்பாலும் எழுத்துதான். ஆசானா, ஜிரா போன்ற புராஜெக்ட் மென்பொருளில் அது வேலை செய்ய வேண்டுமானால், ‘டூல்’களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கக் குறிப்பு, நிரப்புவதற்கு ஒரு படிவம். மாடல் படிவத்தை நிரப்பும். அதை வாங்கிப்போய் சர்வரில் சேர்ப்பது வேறொரு புரோகிராம். ஓபன்ஏஐ 2023 ஜூனில் இந்த ஏற்பாட்டைத் தன் ஏபிஐயில் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) கொண்டுவந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ (எம்சிபி) என்ற பொது முறையை வெளியிட்டது. வீட்டுக்கு வீடு வேறுவேறு பிளக் என்றிருந்த நிலை மாறியது.

மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது பழைய தொழில்தான். ஆனால் இதுவரை கையேட்டைப் படித்தவர் மனிதர். புரியாத இடத்தில் நண்பரைக் கேட்பார், இரண்டு தடவை தப்பாகச் செய்து பார்ப்பார், மூன்றாம் தடவை கையேடே தேவைப்படாது. ஏஜென்ட்டுக்கு அந்த அனுபவம் சேர்வதில்லை. ஒவ்வொரு உரையாடலிலும் அது அந்தக் குறிப்பைப் புதிதாகத்தான் படிக்கிறது. எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. குறிப்பில் ஒரு சொல் மாறினால் ஏஜென்ட்டின் நடத்தையே மாறக்கூடும்.

ஆசானாவில் டாஸ்க் உருவாக்கும் படிவத்தை எடுத்துக்கொள்ளலாம். கெடுவைக் குறிக்க அதில் இரண்டு கட்டங்கள்: ‘டியூ ஆன்’, ‘டியூ அட்’. முதலாவதில் தேதி மட்டும். இரண்டாவதில் தேதியோடு நேரமும், அதுவும் உலகப் பொது நேரத்தில். இரண்டையும் சேர்த்து நிரப்பக்கூடாது. சென்னையில் மாலை 6 மணிக்குக் கெடு என்றால் ‘டியூ அட்’ கட்டத்தில் 12.30 என்று வர வேண்டும். குறிப்பு எழுதியவர் அதைச் சொல்ல மறந்துவிட்டால், மாடல் 18.00 என்றே போட்டுவிடக்கூடும். பிரியாவுக்கு இரவு 11.30 மணி வரை நேரம் கிடைத்துவிடும். அவருக்கென்னவோ சந்தோஷம்தான்.

வெள்ளிக்கிழமை இன்னொரு வம்பு. மாடலுக்குள் கடிகாரம் இல்லை. இன்று என்ன தேதி என்று யாராவது சொன்னால்தான் வருகிற வெள்ளி எது என்று அதனால் கணக்குப் போட முடியும்.

அடுத்தது ஆள். ‘அசைனி’ கட்டத்தில் பிரியா என்று பெயரை எழுதினால் ஆசானா ஏற்காது. மின்னஞ்சல் முகவரியோ, நீளமான அடையாள எண்ணோ வேண்டும். எண் கேட்கும் கட்டத்தைக் கண்டால், எண்போலத் தோன்றும் ஒன்றை மாடல் தானே இட்டுக்கட்டிவிடும் அபாயம் உண்டு. ‘மீ’ என்றும் எழுதலாம். ஆனால் அந்த ‘நான்’ யார்? யாருடைய கணக்கின் சாவியோடு டூல் உள்ளே நுழைகிறதோ, அவர். பொதுவான பாட் (தானியங்கி) கணக்கு ஒன்றின் சாவி என்றால், “எனக்கு ஒரு டாஸ்க் போடு” என்று யார் சொன்னாலும் எல்லாம் அந்த பாட்டின் தலையில் போய்க் குவியும்.

ஆகவே தேறிய குறிப்பு ஒன்று ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘புதிய டாஸ்க் ஒன்றை உருவாக்கும். ஏற்கெனவே இருப்பதை மாற்ற இதைப் பயன்படுத்த வேண்டாம். ஆளின் பெயர் மட்டும் தெரிந்தால், முதலில் பயனர் தேடும் டூலை அழைக்கவும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் ஊகிக்காமல் பயனரிடம் கேட்கவும். நேரம் சொல்லப்படாவிட்டால் டியூ ஆன் மட்டும் நிரப்பவும்.’ இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால் ஒரு சங்கடம் இல்லை. தமிழில் எழுதுகிறவர் ஏஜென்ட்டை ‘அழை’ என்பதா, ‘அழையுங்கள்’ என்பதா என்று முதலில் முடிவுகட்டியாக வேண்டும்.

ஜிராவின் சிக்கல் வேறு மாதிரி. புராஜெக்ட், டாஸ்க்கின் வகை, தலைப்பு இவை பொதுவாக இருந்தே தீர வேண்டும். ஆனால் எந்தெந்த வகைகள் உண்டு என்பது புராஜெக்டுக்குப் புராஜெக்ட் வேறுபடும். அதன் ஏபிஐயின் மூன்றாம் பதிப்பில் விளக்கக் கட்டத்தைக்கூடச் சாதாரண எழுத்தால் நிரப்ப முடியாது. பத்தி, வரி என்று அடுக்கடுக்கான தனி வடிவம் வேண்டும். இதைப் பக்கம் பக்கமாக விளக்குவதைவிட, மாடலிடம் சாதாரண எழுத்தை வாங்கிக்கொண்டு டூலே உள்ளுக்குள் மாற்றிக்கொள்வது மேல்.

இந்த யோசனைக்கு ஜப்பானியத் தொழிற்சாலைகளில் ‘போகா யோகே’ என்று பெயர். ஷிகியோ ஷிங்கோ 1960-களில் பரப்பியது: தவறு செய்யாதே என்று தொழிலாளியை எச்சரிப்பதற்குப் பதில், தவறாகப் பொருத்தவே முடியாதபடி பாகத்தை அமைப்பது. ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையொன்றும் டூல்களுக்கு இதையே பரிந்துரைத்தது. அவர்கள் உருவாக்கிய ஏஜென்ட், ஃபோல்டர் மாறியதும் கோப்பின் பாதையைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. முழுப் பாதையைத்தான் தர வேண்டும் என்று டூலை மாற்றியதும் அந்தத் தவறு நின்றது. டாஸ்க் டூலிலும் அப்படித்தான்: முன்னுரிமை என்ற கட்டத்தில் ‘அவசரம்’, ‘ரொம்ப அவசரம்’ என்று இஷ்டப்படி எழுதவிடாமல், நாலைந்து சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவைத்தால் தகராறு இல்லை.

தடுக்க முடியாத தவறும் உண்டு. டாஸ்க் உருவாகிவிட்டது, பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஏஜென்ட் மறுபடி முயலும். பிரியாவின் பட்டியலில் ஒரே வேலை இரண்டு தடவை. மறுபடி அழைத்தால் கூடுதல் விளைவு உண்டா இல்லையா என்று குறிக்க எம்சிபியில் 2025 மார்ச் பதிப்பிலிருந்து ஒரு அடையாளம் இருக்கிறது. ஆனால் அது வெறும் தகவல், பூட்டு அல்ல. ‘பதில் வராவிட்டால், மீண்டும் உருவாக்குமுன் இதே தலைப்பில் டாஸ்க் இருக்கிறதா என்று தேடவும்’ என்ற ஒரு வரியைக் குறிப்பில் சேர்த்தாக வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் எழுதித் தள்ளவும் முடியாது. ஒவ்வொரு டூலின் குறிப்பும் மாடல் ஒரே நேரத்தில் கவனத்தில் வைத்திருக்கக்கூடிய இடத்தைத் தின்கிறது. நாற்பது டூல்களுக்கு ஆளுக்கொரு பக்கம் என்றால், பயனர் கேட்ட கேள்விக்கு முன்னால் நாற்பது பக்கம் நிற்கும். எந்த வரி வேண்டும், எது வேண்டாம் என்பதை எழுதுகிறவரின் ரசனை தீர்மானிப்பதில்லை, சோதனைதான் தீர்மானிக்கிறது. அலுவலகத்தில் நிஜமாகப் பேசும் வாக்கியங்களை ஏஜென்ட்டுக்குக் கொடுத்து, அது எந்தக் கட்டத்தில் எதை நிரப்பியது என்று பதிவை (லாக்) பார்த்து, ஒரு சொல்லை மாற்றி, மறுபடி அதே வாக்கியத்தைக் கொடுக்கிறார்கள்.