நிற்காத ஊசல்

இயற்பியல் முதுகலை பயில்வோனுக்குக் கணிப்பொறி நிறுவனத்தில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். பிழைப்பை நாடித் தில்லிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. தங்கை கல்லூரிக்குக் காத்திருக்கிறாள். பைத்தான் மொழியை நானே கற்கத் துணிந்தேன்.

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் வழங்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் காசின்றிக் கேட்கலாம். இரண்டு மாதம் கேட்டேன். எல்லாம் விளங்கியது போலவே இருந்தது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை! கச்சேரி கேட்டே பாடகரானவர் உண்டோ?

பிறகு, வகுப்பில் கற்ற தனி ஊசலின் அசைவைக் கணிக்க ஒரு நிரல் எழுதினேன். காலத்தை 0.1 விநாடியாகக் கூட்டிச் செல். சரியாக 1 ஆனதும் நில் என்பது கட்டளை. அது நிற்கவேயில்லை. நள்ளிரவில் ஒவ்வோர் எண்ணாக அச்சிட்டுப் பார்த்தேன். பத்தாம் முறை வந்தது 1 அன்று, 0.9999999999999999!

மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீளுமன்றோ? கணிப்பொறி அறிந்தவை 0, 1 என்னும் இரண்டே இலக்கங்கள். அந்த இரும முறையில் பத்தில் ஒரு பங்கும் அவ்வாறே நீளும். பொறி 53 இலக்கங்களோடு துண்டித்துவிடுகிறது. அச்சிறு பிழையே என்னை ஏய்த்தது. எத்தனை முறை கூட்டினோம் என்பதை முழு எண்ணால் எண்ணினேன், ஊசல் நின்றது.

சென்ற மாதம் ஒரு நேர்காணலில், “பணக் கணக்கை எப்படி வைப்பீர்?” என்றார் ஒருவர். “ரூபாயில் அன்று; பைசாவில், முழு எண்ணாக” என்றேன். ஏன் என்றார். ஊசல் கதையைச் சொன்னேன். வேறு இரண்டு கேள்விகளுக்கு விழித்ததையும் மறைப்பானேன்? ஜூலையில் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள்.