21 நாள் அவகாசம்

பருவ விடுமுறைக்கு வீடு திரும்பியபோது அப்பா ஒரு கடிதத்தை நீட்டினார். "நகராண்மைக் கழகத்துலேர்ந்து வந்திருக்கு. என்னான்னு படிச்சுச் சொல்லும்மா" என்றார். எங்கள் தாமானையொட்டிக் காலியாகக் கிடந்த நிலத்தில் இரண்டு சேவை அடுக்குமாடிக் கட்டடங்களும், அவற்றின் கீழ்த்தளத்தில் கடைகளும், ஓர் அலுவலகப் பகுதியும் வரவிருக்கின்றன. ஆட்சேபம் இருந்தால் 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று மலாய் மொழியில் எழுதப்பட்டிருந்தது. கடிதம் வந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன.

இத்தகைய கடிதம் நாளை உங்கள் வீட்டிற்கும் வரலாம். அப்போது என்ன செய்வது என்பதை நான் கற்றுக்கொண்ட வரையில் இங்கே விளக்குகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசிய மாநிலங்களில் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் நடப்பில் உள்ளது. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒரு மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் 21ஆவது பிரிவு. ஒட்டியுள்ள நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத அகலமுள்ள சாலை அல்லது சாக்கடைக்கு அப்பால் உள்ள நிலம், அதே முட்டுச் சாலையைப் பயன்படுத்தும் 200 மீட்டருக்குள் அமைந்த நிலம் ஆகியவையே அண்டை நிலங்கள். ஆட்சேபிப்பவர் கேட்டுக்கொண்டால் நேரில் விளக்கமளிக்கவும் வாய்ப்பு உண்டு. உள்ளூர்த் திட்டம் உள்ள பகுதிகளில், அத்திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலமே நாம் பேசவேண்டிய முதல் வேளை.

'ஜாம் ஆயிடும்' என்றால் போதுமா?

அன்றிரவே பாலர் பள்ளி மண்டபத்தில் குடியிருப்பாளர்கள் கூடினோம். "ரோடு ஜாம் ஆயிடும்" என்பதே எல்லாருடைய பேச்சும். ஆனால் மேம்பாட்டாளர் தரப்பில் நிபுணர் தயாரித்த போக்குவரத்துத் தாக்க அறிக்கை இருக்கும். அதில் எண்கள் இருக்கும். எண்ணுக்கு எண்ணால்தான் பதில் சொல்ல முடியும் என்று பொறியியல் படிக்கும் என் தோழி சொன்னாள். மறுநாள் நகராண்மைக் கழகத்தில் கேட்டு அந்த அறிக்கையைப் பார்த்தோம்.

கணக்கு மிக எளிது. தடையின்றிப் பச்சை விளக்கு எரிந்தால் ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,900 கார்கள் சந்திப்பைக் கடக்கலாம். எங்கள் சந்திப்பில் 120 விநாடிச் சுற்றில் எங்களுக்குக் கிடைப்பது 30 விநாடிப் பச்சை. அதாவது கால் பங்கு. மணிக்கு 475 கார்கள். அறிக்கையின்படி காலையில் அந்தத் தடத்தில் செல்பவை 310. புதிய கட்டடங்களிலிருந்து கூடுதலாக 70. மொத்தம் 380தான், சிக்கலில்லை என்று அறிக்கை முடிந்திருந்தது.

ஆனால் அவர்கள் வாகனங்களை எண்ணிய தேதியைப் பார்த்ததும் திடுக்கிட்டோம். அது பள்ளி விடுமுறை! எங்கள் சாலையிலோ ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பள்ளி நடக்கும் மூன்று நாட்கள் காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை நாங்களே நின்று எண்ணினோம். பேருந்தைக் கூடுதலாகவும் மோட்டார் சைக்கிளைக் குறைவாகவும் கணக்கிட்டு, சராசரியாக 430 கார்களுக்கு ஈடான எண்ணிக்கை கிடைத்தது. அதனுடன் 70 சேர்ந்தால் 500. ஒரு மணி நேர முடிவில் 25 கார்கள் கடக்க முடியாமல் நிற்கும். காருக்கு ஆறரை மீட்டர் என்றாலும் 160 மீட்டருக்கு மேல் வரிசை நீளும். அதன் வால் பள்ளி வாசலைத் தாண்டிவிடும்.

கலப்புப் பயன்பாட்டு மேம்பாட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே குடியிருப்பவர் கீழே இறங்கி ரொட்டி வாங்கினால் கார் வெளியே வராது. அதனால் பயணங்களின் எண்ணிக்கையில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள். இது நியாயமே. எனினும் எவ்வளவு கழித்தார்கள், வரப்போவது அன்றாடத் தேவைக்கான கடைகளா என்று கேட்க வேண்டும். கடைகளுக்கு மாலையிலும் ஞாயிறன்றும்தான் கூட்டம். காலையில் மட்டும் எண்ணினால் அது தெரியாது.

நாங்கள் திட்டமே வேண்டாம் என்று எழுதவில்லை. பள்ளி நாளில் மறுகணக்கெடுப்பு, பெருஞ்சாலைக்கு இரண்டாவது வெளியேறும் வழி, பள்ளி வரை நடைபாதை ஆகிய மூன்றையும் கேட்டோம். திட்டத்திற்கு அனுமதி கிடைத்தது. மறுகணக்கெடுப்பும் இரண்டாவது வழியும் நிபந்தனைகளாக்கப்பட்டன. நடைபாதை மட்டும் கிடைக்கவில்லை.

கடிதம் வராதவர்கள்

எதிர்ச்சாரி மலிவு விலை அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் அக்கா ஒருவர், "எங்களுக்கு ஏன் கடிதம் வரல?" என்று கேட்டார். சட்டம் உரிமையாளருக்குத்தான் அறிவிக்கச் சொல்கிறது. அந்தச் சாலையில் தினமும் பிள்ளையைக் கைப்பிடித்து நடத்திச் செல்பவர் அவர்தான். அவருடைய கவலையையும் எங்கள் கடிதத்தில் சேர்த்தோம். நடைபாதைக் கோரிக்கை அவருடையது.

அவரை நினைக்கும்போது தாமான் ரிம்பா கியாரா வழக்கும் நினைவுக்கு வருகிறது. கோலாலம்பூரில் அந்தப் பூங்கா நிலத்தில் எட்டு சேவை அடுக்குமாடிகளும் ஒரு கட்டுப்படி விலை அடுக்குமாடியும் கட்ட 2017இல் அனுமதி தரப்பட்டது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதிப்படுத்தியது. அனுமதி தருபவர் தம் முடிவுக்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவர் என்பது அத்தீர்ப்பின் முக்கியப் பாடம்.

ஆயினும் அதே நிலத்தருகே, புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு 1980களிலிருந்து நீண்ட வீடுகளில் வாழ்ந்த முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் இருந்தன. ரத்தான திட்டத்தில்தான் அவர்களுக்கான வீடுகளும் அடங்கியிருந்தன. பூங்காவைக் காத்தது சரியே. ஆனால் ஒரு பகுதியின் குரல் என்று நாம் சொல்லும்போது யாருடைய குரல் அதில் சேரவில்லை என்று பார்ப்பதும் நம் பொறுப்பல்லவா?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மருந்தும் கிடைக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இக்கடிதங்களைப் படித்துப் பார்க்கத் தயங்குகிறார்கள். பல்கலைக்கழகம் வந்த நாம் விடுமுறையில் வீட்டிற்குச் செல்லும்போது, பிரிக்கப்படாத கடிதம் ஏதும் உண்டா என்று கேட்போம். 21 நாட்கள் ஓடிவிடும்.